பாழ்ச் சுவரும் பாவலர் நெஞ்சமும்

மாணவ நண்பர்களே,

1770-ஆம் ஆண்டுக் கோடையில் வில்லியம் கில்பின் என்னும் ஆங்கிலேயர் ஒருவர் வை ஆற்றில் படகேறிப் பயணம் செய்தார். வை என்பது வேல்ஸ் நாட்டு மலைகளில் பிறந்து, அந்நாட்டுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே சிறிது தொலைவு எல்லையாக ஓடி, செவர்ன் கழிமுகத்தில் கலக்கும் ஆறு. கில்பின் சமயப் பணியாளர், பள்ளி ஆசிரியர், ஓவியம் எழுதவும் வல்லவர். இயற்கைக் காட்சிகளை ஓர் ஓவியர் நோக்குவது போல நோக்கும் முறையைத் தம் நாட்டவர்க்குக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அந்தப் பயணத்தில் கண்டவற்றை 1782-இல் ஒரு நூலாக வெளியிட்டார்.

வை ஆற்றின் கரையில், டின்டர்ன் என்னும் இடத்தில், பழைய துறவியர் மடம் ஒன்று பாழடைந்து நிற்கிறது. 1131-இல் நிறுவப்பெற்ற அம்மடம், எட்டாம் ஹென்றி மன்னன் நாட்டிலுள்ள துறவியர் மடங்களையெல்லாம் கலைத்த காலத்தில், 1536-இல் மூடப்பட்டது. அதன் கூரையில் வேய்ந்திருந்த ஈயத் தகடுகள் கழற்றி எடுக்கப்பட்டன. கூரை போன பின்னர் மழையும் காற்றும் தடையின்றி உள்ளே புகுந்தன. ஐவிக் கொடி தூண்களைப் பற்றி ஏறிற்று. பாசி கல்லை மூடிற்று. இக்காட்சியைக் கண்டு கில்பின் பெரிதும் மகிழ்ந்தார். ஆயினும் ஒரு குறையும் கூறினார். முகட்டுச் சுவர்கள் ஒரே சீராக நின்று கண்ணை உறுத்துகின்றனவாம். ஒரு கொட்டாப்புளியைக் கொண்டு பதம் பார்த்து அவற்றுள் சிலவற்றை உடைத்துவிட்டால் காட்சி மேலும் அழகு பெறுமாம்! ஆனால் அதற்குத் துணிபவர் யார் என்று அவரே கேட்டுக்கொள்கிறார்.

அதே நூலில் அவர் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். அந்த இடிபாடுகளின் நடுவே ஏழை மக்கள் பலர் குடிசை கட்டிக்கொண்டு, வருவோர் போவோரிடம் இரந்து பிழைத்தனர். அவர்களுள் ஒரு பெண், துறவியரின் நூலகம் இருந்த இடத்தைக் காட்டுவதாகச் சொல்லி, கில்பினையும் உடன் வந்தவர்களையும் அழைத்துச் சென்றாள். அவளுக்கு நடக்கவும் இயலவில்லை. நடுங்கும் உடலை இரண்டு கோல்களால் தாங்கிக்கொண்டு, ஊர்வது போல முன்னே சென்றாள். முள்ளும் புதரும் மண்டிய ஓரிடத்தை அடைந்ததும், இடிந்த ஒரு மூலையைச் சுட்டி, இதுதான் அந்த இடம் என்றாள். அங்கே நூலகம் ஏதும் இல்லை. அது அவள் குடியிருக்கும் ஈரம் கசியும் பொந்து. அவள் சொல்ல விரும்பிய வரலாறு துறவியரின் வரலாறு அன்று. தன் வறுமையின் வரலாறு. கில்பின் மனம் இரங்கினார். அதனை நேர்மையோடு எழுதியும் வைத்தார். பின்னர்ப் படகேறி அடுத்த காட்சியை நோக்கிச் சென்றுவிட்டார்.

இந்தப் பெண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில ரொமாண்டிக் கவிஞர்கள் இடிபாடுகளைப் பாடியதையும், அப்பாடல்களில் படர்ந்திருக்கும் துயர உணர்வையும் பற்றியே இன்று பேசப் போகிறேன். வகுப்பறையில் இப்பாடல்களைப் படிக்கும்போது மாணவர்கள் மனத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. இடிந்த சுவரைக் கண்டு பெருமூச்சு விடுவதனால் யாருக்கு என்ன பயன்? உண்டு உடுத்து ஓய்ந்திருப்பவனுக்கு அன்றோ இத்தகைய துயரம் வரும்? இந்த ஐயம் தள்ளத்தக்கது அன்று. கோலூன்றி வந்த அந்தப் பெண்ணும் இதனையே கேட்டாள் எனலாம்.

முதலில் அந்தத் துயர உணர்வின் பெயரை நோக்குவோம். ஆங்கிலத்தில் அதனை மெலங்கலி என்பர். கறுப்புப் பித்தம் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். உடலில் நான்கு வகை நீர்மங்கள் உண்டென்றும், அவற்றுள் கறுப்புப் பித்தம் மிகுந்தவன் வாட்டமும் தனிமை நாட்டமும் உடையவனாவான் என்றும் பழைய மேல்நாட்டு மருத்துவர் நம்பினர். இங்கிலாந்தில் ராபர்ட் பர்ட்டன் என்னும் அறிஞர் 1621-இல் இந்நோயைப் பற்றியே ஒரு பெருநூல் வெளியிட்டார். நோயாகக் கருதப்பட்ட இது, பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஒரு நாகரிகமாகவே மாறிற்று. தாமஸ் வார்ட்டன் என்னும் இளம் புலவர், துயரத்தால் வரும் இன்பங்களைத் தலைப்பாகக் கொண்டே 1747-இல் ஒரு பாட்டு வெளியிட்டார். 1751-இல் தாமஸ் கிரே, ஊர்ப்புறக் கல்லறைத் தோட்டத்தில் அமர்ந்து பாடுவதாக அமைந்த தம் புகழ்பெற்ற கையறுநிலைப் பாட்டைத் தந்தார்.

அந்நாளில் செல்வர் சிலர், தம் தோட்டங்களில் உண்மையான இடிபாடு இல்லையே என்று ஏங்கிப் பொய் இடிபாடுகளைக் கட்டுவித்தனர். ஹாக்லி என்னும் இடத்திலுள்ள பூங்காவில் அவ்வாறு 1740-களின் இறுதியில் எழுப்பப்பட்ட பொய்க் கோட்டை ஒன்று உண்டு. புதுக் கல்லை அடுக்கிப் பழங்கல் போலத் தோன்றச் செய்து, மாலை வேளையில் அதன் எதிரே நின்று வருந்துவது எத்தகைய வருத்தம்! மாணவர்களின் ஐயம் இவர்களைப் பொறுத்த அளவில் முற்றிலும் பொருந்தும்.

இந்தச் சூழலில்தான் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் தோன்றினார். அவர் முதன்முதல் வை ஆற்றங்கரைக்கு வந்தது 1793-இல். அப்பொழுது அவருக்கு வயது இருபத்து மூன்று. பிரெஞ்சுப் புரட்சியில் பெருநம்பிக்கை கொண்டிருந்த அவர், தம் நாடே பிரான்சுடன் போர் தொடங்கியதைக் கண்டு மனம் கலங்கியிருந்த காலம் அது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1798 ஜூலையில், தங்கை டாரதியுடன் மீண்டும் அங்கு வந்தார். அப்பயணத்தில் உருவான பாடல், அவரும் நண்பர் கோல்ரிட்ஜும் சேர்ந்து அவ்வாண்டே வெளியிட்ட ‘லிரிக்கல் பாலட்ஸ்’ என்னும் தொகுதியில் இறுதிப் பாடலாக இடம் பெற்றது. டின்டர்ன் மடம் என்று உலகம் அப்பாட்டைச் சுருக்கமாக அழைக்கிறது. ஆனால் பாட்டினுள் அந்த மடத்தைத் தேடினால் கிடைக்காது! தலைப்பில் மட்டுமே அதன் பெயர் உண்டு. அதுவும், மடத்திற்குச் சில மைல் மேலே ஆற்றோரத்தில் இயற்றப்பட்டது என்னும் குறிப்பாகவே வருகிறது.

அப்படியாயின் இப்பாட்டில் பாழடைந்தது எது? ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதே கரையில் மான் போலத் துள்ளித் திரிந்த இளைஞன் இன்று இல்லை. ஆறு இருக்கிறது, மலை இருக்கிறது, பார்த்த கண் மாறிவிட்டது. கவிஞர் தம் உள்ளத்தினுள்ளேயே ஓர் இடிபாட்டைக் காண்கிறார். எனினும் அவர் அழுது ஓய்ந்துவிடவில்லை. இழந்ததற்கு ஈடாக ஒன்று கிடைத்ததா என்று எண்ணிப் பார்க்கிறார். இயற்கையை நோக்கும்போதே மனித வாழ்வின் துயரக் குரலையும் கேட்கும் செவி தமக்கு வாய்த்தது என்று ஆறுதல் கொள்கிறார். பின்னர்த் தங்கையை நோக்கித் திரும்பி, இந்நாளின் நினைவு பிற்காலத்தில் அவளைக் காக்கும் என்று வாழ்த்துகிறார்.

இப்பாட்டையும் குறை கூறியவர் உண்டு. மடத்தினுள் இரந்து வாழ்ந்த ஏழைகளை வேர்ட்ஸ்வொர்த் ஏன் பாடவில்லை என்று 1980-களில் சில திறனாய்வாளர் கடுமையாகவே கேட்டனர். அவர்கள் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு விடையும் அக்கவிஞரிடமே உண்டு. ஏறத்தாழ அதே காலத்தில், 1797, 1798-ஆம் ஆண்டுகளில், அவர் இன்னொரு பாட்டை எழுதிக்கொண்டிருந்தார். அதன் பெயர் ‘பாழடைந்த குடிசை’. அதைப் பலமுறை திருத்தி, 1814-இல் வெளிவந்த ‘தி எக்ஸ்கர்ஷன்’ என்னும் நெடும்பாட்டின் முதற் பகுதியாக அமைத்தார்.

கதை எளியது. ஊர் ஊராகப் பண்டம் சுமந்து விற்கும் முதியவர் ஒருவர், கூரையற்ற நான்கு சுவர்களைக் காட்டி, அங்கே வாழ்ந்தவர்களின் வரலாற்றைக் கவிஞருக்குச் சொல்கிறார். மார்கரெட் என்பாள் அங்கே வாழ்ந்த பெண். அவள் கணவன் உழைப்பில் சலியாத நெசவாளன், குழந்தைகள் இருவர். இரண்டு ஆண்டுகள் அறுவடை பொய்த்தது. நாட்டில் போரும் மூண்டது. கணவன் காய்ச்சலில் விழுந்தான். எழுந்தபோது சேமிப்புக் கரைந்திருந்தது. தறிக்கும் வேலை இல்லை. வேலையில்லா மனிதனின் மனம் எவ்வாறு சிறிது சிறிதாகக் கெடுகிறது என்பதைக் கவிஞர் மிக நுட்பமாகக் காட்டுகிறார். ஒருநாள் அவன் படையில் சேர்வோருக்குக் கொடுக்கும் முன்பணத்தைப் பெற்று, அதனை மனைவியின் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, சொல்லாமல் போய்விட்டான். விடைபெற வந்தால் அவளும் குழந்தைகளும் பின்தொடர்ந்து வந்து, படைவாழ்வின் துன்பத்தில் அழிய நேருமோ என்று அஞ்சினான்.

மார்கரெட் காத்திருந்தாள். ஒவ்வொரு முறை முதியவர் அவ்வழி வரும்போதும் வீட்டில் ஒரு மாற்றம். தோட்டத்தில் களை ஏறுகிறது. பூங்கொடி கட்டவிழ்ந்து தரையில் புரள்கிறது. வாசற்கல்லில் ஆடுகள் உரசிய சுவடு படிகிறது. மூத்த பையன் பிறர் வீட்டு வேலைக்குப் போகிறான், கைக்குழந்தை இறக்கிறது. சாலையில் முடவனான படைவீரன் எவனேனும் வந்தால், ஓடிச் சென்று கணவனைப் பற்றிக் கேட்கிறாள். ஆண்டுகள் பல கழிகின்றன. கூரையைச் செப்பனிட ஆளில்லை. பனியும் மழையும் உள்ளே இறங்குகின்றன. அந்த வீட்டோடு அவளும் சிதைந்து மாய்கிறாள்.

நண்பர்களே, டின்டர்ன் மடத்தின் கூரையை அரசாணை பிரித்தது. இக்குடிசையின் கூரையைப் பிரித்தவர் யார்? பஞ்சம், போர், வேலையின்மை ஆகிய மூன்றுமே அதனைப் பிரித்தன. கல்வெட்டிலும் அரச வரலாற்றிலும் இடம் பெறாத ஒரு பெண்ணின் வீழ்ச்சி, உரோமப் பேரரசின் வீழ்ச்சிக்கு ஈடாகப் பாடத்தக்கது என்று கவிஞர் துணிந்தார். கில்பின் கண்டும் கடந்துபோன பெண்ணுக்கு, இங்கே ஒருவர் அமர்ந்து செவி கொடுக்கிறார்.

எனினும் மற்றொரு கேள்வி எழுகிறது. செவி கொடுத்தால் போதுமா? வேர்ட்ஸ்வொர்த்தை நன்கு அறிந்தவரான தாமஸ் டி குவின்ஸி 1845-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில், இத்தனை முறை வந்து போன அந்த முதியவர், படைத்துறை அலுவலகத்திற்கு எழுதிக் கணவன் இருக்குமிடத்தை அறியும் வழியை மார்கரெட்டுக்குச் சொல்லியிருக்கலாமே என்று இடித்துரைத்தார். நகைப்புக்கு உரியது போலத் தோன்றும் இக்கேள்வி உண்மையில் நகைப்புக்கு உரியது அன்று. துயரத்தைச் சுவைப்பது வேறு. துயரைத் துடைப்பது வேறு. பாட்டு முதலாவதோடு நின்றுவிடுமோ என்னும் அச்சத்தையே டி குவின்ஸி சொற்களாக்கினார். வேர்ட்ஸ்வொர்த்தும் இதனை உணராதவர் அல்லர். பிறர் துன்பத்தை வெறும் பொழுதுபோக்கு இன்பமாகக் கொள்வது குற்றம் என்று அக்கதையின் நடுவிலேயே முதியவர் வாயிலாகச் சொல்லி வைத்திருக்கிறார்.

இனி, அரசர்களின் இடிபாட்டுக்கு வருவோம். ஷெல்லியின் ‘ஒஸிமாண்டியஸ்’ என்னும் பதினான்கு அடிப் பாடலை உங்களுள் பலர் பாடமாகவே படித்திருக்கக் கூடும். அது 1818 ஜனவரியில் ஒரு வார இதழில் வெளிவந்தது. நண்பர் ஹொரேஸ் ஸ்மித்தும் ஷெல்லியும் ஒரே பொருளைப் பற்றிப் போட்டியாகப் பாடினர். ஸ்மித்தின் பாடல் அடுத்த மாதம் வந்தது. ஒஸிமாண்டியஸ் என்பது எகிப்தை 66 ஆண்டுகள் ஆண்ட இரண்டாம் ராம்சேஸ் மன்னனுக்குக் கிரேக்கர் வழங்கிய பெயர். அவன் சிலையின் மேலிருந்த வீரமொழியைப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் குறித்திருக்கிறார். தீப்ஸ் நகரிலிருந்து 1816-இல் பெயர்த்தெடுக்கப்பட்ட அம்மன்னனின் மாபெரும் தலைச்சிலை ஒன்று, லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை நோக்கிக் கப்பலில் வந்துகொண்டிருந்த காலத்தில் இப்பாட்டு எழுந்தது. ஷெல்லி எகிப்துக்குச் சென்றதே இல்லை.

அவர் பாட்டில் உடைந்த சிலையைச் சுற்றி மணல்வெளி தவிர வேறொன்றும் இல்லை. செருக்குற்ற மன்னனின் சொல் எஞ்சியிருக்கிறது. அச்சொல் பெருமை பேசிய செல்வம் எஞ்சவில்லை. இதுவரை எல்லாரும் சொல்வதே. ஆனால் இன்னொருவனும் அங்கே எஞ்சியிருக்கிறான் என்பதை மறவாதீர்கள். அவன் பெயர் தெரியாத சிற்பி. மன்னனின் முகத்திலிருந்த கொடுமையை அவன் கண்டு, கல்லில் செதுக்கி வைத்தான். ஆணையிட்டவன் அழிந்தான், அவனை உள்ளபடி அறிந்த கை பேசிக்கொண்டிருக்கிறது. இங்கே துயரம் இல்லை. அடக்கிய ஒரு முறுவல் உண்டு. கொடுங்கோன்மை நிலையாது என்னும் செய்தி, கொடுங்கோன்மைக்கு உட்பட்டவர்க்கு நற்செய்தி அன்றோ!

அடுத்த ஆண்டில் ஷெல்லி உரோம் நகரில் இருந்தார். காரகல்லா என்னும் பேரரசன் கட்டிய குளிப்பு மாளிகையின் இடிந்த வளைவுகளின் மேல், பூத்துக் குலுங்கும் செடிகளின் நடுவே அமர்ந்து, ‘கட்டவிழ்ந்த புரொமீதியஸ்’ என்னும் நாடகக் காப்பியத்தின் பெரும்பகுதியை எழுதியதாக அவரே முன்னுரையில் கூறுகிறார். கொடிய தலைவன் ஒருவன் வீழ, மனித இனம் விடுதலை பெறுவதே அதன் பொருள். பேரரசின் சிதைவின் மேல் இளவேனில் பூத்திருப்பதைக் கண்ட கண்ணுக்கு, அந்தக் கனவு இயல்பாகவே தோன்றியிருக்கும்.

பைரன் பிரபு இவர்களினும் வேறுபட்டவர். அவர் 1809 முதல் 1811 வரை மேற்கொண்ட பயணத்தில் கிரேக்க நாட்டைக் கண்டார். அந்நாடு அப்பொழுது துருக்கியரின் ஆட்சியில் இருந்தது. ஏதென்ஸ் நகரின் பார்த்தினான் கோயில் சிற்பங்களை எல்ஜின் பிரபுவின் ஆட்கள் பெயர்த்து இங்கிலாந்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தனர். 1812-இல் வெளிவந்த ‘சைல்ட் ஹெரால்ட்’ பாட்டில் பைரன் இச்செயலைக் கடுமையாகப் பழித்தார். 1818-இல் வந்த அதன் நான்காம் பகுதியில் உரோமின் கொலோசியத்தையும் பாடினார். கூட்டத்தின் கேளிக்கைக்காக அங்கே குத்துண்டு சாகும் ஓர் அடிமை வீரன், தொலைவிலுள்ள தன் குழந்தைகளை நினைப்பதாகக் காட்டினார். பாட்டோடு அவர் நிற்கவில்லை. கிரேக்கர் விடுதலைப் போர் தொடங்கியபின் 1823-இல் அங்கே சென்றார். தம் பொருளைச் செலவிட்டார். 1824 ஏப்ரல் 19 அன்று மிசொலோங்கி என்னும் ஊரில் காய்ச்சலுற்று, முப்பத்தாறாம் வயதில் உயிர் நீத்தார். பைரனின் வாழ்க்கையில் குறை பல உண்டு. ஆயினும் இடிபாட்டைக் கண்டு பிறந்த துயரம் ஒருவனை எழுந்து நடக்கச் செய்யும் என்பதற்கு அவர் முடிவே சான்று.

இறுதியாகக் கீட்ஸ். பார்த்தினான் சிற்பங்களை ஆங்கிலப் பாராளுமன்றம் 1816-இல் 35,000 பவுன் கொடுத்து வாங்கியது. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் ஓவியர் ஹேடன் அழைத்துச் சென்று காட்ட, கீட்ஸ் அவற்றைக் கண்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்று. கல்லின் பெருமையும் காலத்தின் கொடுமையும் ஒருங்கே தாக்க, தாமும் இறந்துபடுவோம் என்னும் எண்ணமே அவர் பாட்டில் முன் நிற்கிறது. அது வெறும் கற்பனை அன்று. மருத்துவம் பயின்றவர் அவர். தாயை எலும்புருக்கி நோய்க்குப் பறிகொடுத்தவர். தம்பி டாம் அதே நோயால் 1818 டிசம்பரில் இறக்கும்வரை உடனிருந்து பணிவிடை செய்தவர்.

அடுத்த ஆண்டு அவர் துயரத்தைப் பற்றியே ஒரு பாட்டு எழுதினார். அதில் பாழ்மண்டபமோ கல்லறையோ இல்லை. துயரம் வரும்போது மறதியைத் தரும் நஞ்சை நாடாதே என்கிறார். மலரைக் கண்குளிரப் பார் என்கிறார். அழியக் கூடியது என்பதனாலேயே அழகு நெஞ்சைத் தொடுகிறது. ஆகவே இன்பத்தை ஆழ்ந்து துய்க்க வல்லவனே துயரத்தையும் உள்ளபடி அறிவான் என்பது அவர் முடிவு. கறுப்புப் பித்தம் என்று மருத்துவர் ஒதுக்கிய ஒன்றை, அன்பின் மறுபக்கம் என்று இந்த இளைஞர் கண்டார். 1821 பிப்ரவரி 23 அன்று, இருபத்தைந்தாம் வயதில், அவரும் அதே நோயால் உரோமில் காலமானார். அந்நகரின் பழைய மதிலோரத்திலுள்ள கல்லறைத் தோட்டத்தில் அவர் உறங்குகிறார். அடுத்த ஆண்டு கடலில் மூழ்கி இறந்த ஷெல்லியின் சாம்பலும் அதே தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

மாணவ நண்பர்களே, தொடக்கத்தில் எழுந்த ஐயத்திற்கு இப்பொழுது விடை கூறலாம். இடிபாட்டைக் கண்டு வருந்துவது தன்னளவில் உயர்ந்ததும் அன்று, இழிந்ததும் அன்று. அந்த வருத்தம் எதை நோக்கிச் செல்கிறது என்பதே முக்கியம். அது பொய்க் கோட்டை கட்டிய செல்வரிடம் தன்னையே சுற்றி வந்தது. வேர்ட்ஸ்வொர்த்திடம் ஒரு நெசவாளன் வீட்டு வாசலுக்குச் சென்றது. ஷெல்லியிடம் அடக்குமுறையின் முடிவைக் கண்டது. பைரனை ஒரு போர்க்களத்துக்கு அழைத்துச் சென்றது. கீட்ஸுக்கு, வாடப்போகும் மலரை இன்றே அன்போடு நோக்கும் ஆற்றலைத் தந்தது.

இப்பாடல்களை உரைநூல்களின் துணையோடு மட்டும் படித்து நிறைவடைந்துவிடாதீர்கள். மூலத்தை எடுத்து, வாய்விட்டு, மெல்லப் படியுங்கள். பிறிதொரு நாள் இடிந்த கட்டடம் ஒன்றின் முன் நீங்கள் நிற்க நேர்ந்தால், அதன் அழகைக் கண்டு மகிழுங்கள், அதில் தவறில்லை. கட்டியவன் யார் என்று கேளுங்கள். இடித்தது எது என்றும் கேளுங்கள். பின்னர்ச் சற்றே திரும்பிப் பாருங்கள். இரண்டு கோல்களை ஊன்றிக்கொண்டு, நூலகத்தைக் காட்டுகிறேன் என்று சொல்லி, ஒருத்தி உங்களை எங்கேனும் அழைத்துக்கொண்டிருக்கக் கூடும். அவள் காட்ட விரும்புவது எதுவோ, அதைக் கண்டு வாருங்கள்.